ஆற்றோரத்து நாணலும் ஆலைக் கரும்பும்

இரண்டு தட்டைகளை அருகருகே வைத்துப் பார்க்கலாம். ஒன்று, பொங்கலுக்குச் சந்தையில் வாங்கி வரும் கரும்பு. கைக்கு அடங்காத பருமன். பல் பட்டதும் வாய் நிறையச் சாறு. மற்றது, ஆற்றுக்கரையில் யாரும் நடாமல் முளைத்து நிற்கும் நாணல். பென்சில் அளவு தண்டு. ஒடித்துப் பார்த்தால் உள்ளே நெட்டிபோல் உலர்ந்த பஞ்சு. தோகையின் ஓரம் கையைக் கிழித்துவிடும். புரட்டாசி, ஐப்பசியில் வெள்ளி நிறத்தில் பூக்கதிர் விட்டுக் காற்றில் பஞ்சாகப் பறக்கும். வயலுக்குள் புகுந்துவிட்டால் களை என்றுதான் தோண்டி எறிவார்கள். எறிந்தும் பயனில்லை, வேர்த்தண்டில் ஒரு துண்டு மண்ணுக்குள் மிஞ்சினாலும் அடுத்த மழைக்கு மறுபடி தலைகாட்டும்.

இன்று உலகில் ஆலைக்குப் போகும் கரும்பு அநேகமாக அத்தனையும் இந்த இரண்டின் வம்சம். இரண்டையும் மனிதக் கையால் ஒட்டுறவாக்கி, பிறந்த பிள்ளையை வயலுக்குக் கொண்டுபோய் ஜெயித்துக் காட்டியது கோயமுத்தூர். கோ 205 என்ற அந்த ரகம் வெளியான ஆண்டு 1918. தாய் 'வெள்ளை' என்று தமிழ்ப் பெயர் கொண்ட தடித்த கரும்பு. தகப்பன் கோயமுத்தூர்ப் பக்கத்து நாணல்.

கரும்பு இந்த மண்ணில் பிறந்த பயிரில்லை என்பது தமிழர்களுக்கு வெகு காலமாகவே தெரியும். புறநானூற்றில் அதியமானைப் பாடும் ஔவையார், கரும்பை இங்கே கொண்டுவந்து சேர்த்தவர்கள் அவனுடைய முன்னோர் என்று புகழ்கிறார். அவனது தகடூர் இன்றைய தருமபுரி, கொங்கின் வடவாசல். எங்கிருந்து கொண்டுவந்தார்கள் என்பதற்குத் தாவரவியல் பதில் வைத்திருக்கிறது. நியூ கினித் தீவின் மக்கள் பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன், காட்டில் வளர்ந்த ஒரு முரட்டுப் புல்லில் சாறு மிகுந்ததை மட்டும் பொறுக்கிப் பொறுக்கி நட்டார்கள். நார் குறைந்தது, தண்டு தடித்தது, இனிப்பு ஏறியது. பிறகு படகேறித் தீவு தீவாகப் பரவியது. கொங்கில் அதற்கு வாய்த்த இடங்கள் ஆற்றுப் பாசனம் உள்ள பகுதிகள். 13ஆம் நூற்றாண்டில் வெட்டிய காலிங்கராயன் வாய்க்கால் ஓரம், கொடிவேரிப் பாசனம், அமராவதிக் கரை என்று மஞ்சளோடும் நெல்லோடும் கரும்பும் நின்றது.

நின்றது என்பதைவிட, நிறுத்தி வைத்தார்கள் என்பதே பொருத்தம். கரும்பை விதை போட்டு வளர்ப்பதில்லை. பரு உள்ள கரணையை வெட்டி நடுகிறோம். அது முளைத்து வருவது தாயின் அச்சு அசல். அதிலிருந்து வெட்டும் கரணையும் அதேதான். பத்து ஏக்கர் கரும்பு என்பது உண்மையில் ஒரே ஒரு செடியின் பல்லாயிரம் துண்டுகள். களை எடுத்து, மண் அணைத்து, சோகை உரித்து, விட்டம் கட்டி, அதன் சண்டையை எல்லாம் விவசாயியே போட்டுவிடுகிறார். கரும்பின் வேலை இனிப்பது மட்டும்.

1859இல் வந்த 'உயிரினங்களின் தோற்றம்' நூலின் மூன்றாம் அத்தியாயத்துக்கு டார்வின் வைத்த தலைப்பு வாழ்க்கைப் போராட்டம். அந்தச் சொல்லைக் கேட்டதும் புலியும் மானும் நினைவுக்கு வரும். டார்வின் சொன்னது அதைவிட விரிவானது. பாலைவன விளிம்பில் ஈரத்துக்குத் தவிக்கும் ஒரு செடியும் போராடிக்கொண்டுதான் இருக்கிறது. பக்கத்துச் செடியோடும், அரிக்கும் புழுவோடும், மேயும் மாட்டோடும் நடப்பதும் போராட்டமே. இதில் அவர் வலியுறுத்திய ஒரு விஷயம் பலர் கண்ணில் படுவதில்லை. தட்பவெப்பம் ஓர் உயிரைப் பிசைந்து தன் விருப்பப்படி வடிவமைப்பதில்லை. பிறக்கும் குட்டிகளில், முளைக்கும் நாற்றுகளில் முன்கூட்டியே சிறுசிறு வேறுபாடு இருக்கிறது. சூழல் அவற்றில் சிலவற்றைத் தங்கவிட்டு மற்றதைக் கழித்துக்கட்டுகிறது. வேறுபாடே இல்லாத இடத்தில் சூழல் எதைத் தேர்ந்தெடுக்கும்? ஒன்று எல்லாம் பிழைக்கும், அல்லது எல்லாம் சாகும்.

கரணை நட்ட வயலின் கதி இதுதான்.

19ஆம் நூற்றாண்டு வெள்ளைக்காரத் தோட்டக்காரர்களும் அதிகாரிகளும் இதை வேறு மாதிரி நம்பினார்கள். ஒரு பயிரைப் புதிய ஊருக்குக் கொண்டுபோய்ச் சில காலம் பழக்கிவிட்டால், அந்தச் சீமைக்கு ஏற்ப அது தானே மாறிவிடும் என்று. 1820களின் இறுதியில் ஸ்லீமன் என்ற ஆங்கிலேய அதிகாரி மொரீசியசிலிருந்து தாகிட்டித் தீவுக் கரும்பை இந்தியாவுக்கு வரவழைத்தார். பார்வைக்கு அத்தனை அழகான தடிக்கரும்பு. சுமார் முப்பது ஆண்டு வாழ்ந்தது. 1850களின் பிற்பகுதியில் வங்காளத்தில் நோய் விழுந்து மடிந்தது. முப்பது ஆண்டில் அது எதையும் பழகிக்கொள்ளவில்லை. பழகிக்கொள்ள அதனிடம் மாற்றுக் கையிருப்பு எதுவும் இல்லை. நூற்றாண்டு முடியும் தறுவாயில் கோதாவரிக் கழிமுகத்திலும் அதே சாவு. கரும்பை நெடுக்காகப் பிளந்தால் உள்ளே சிவப்பு, நடுநடுவே வெள்ளைத் திட்டு, புளித்த வாடை. செவ்வழுகல்.

அந்த நோயை ஆராய்ந்தவர் சார்லஸ் ஆல்பிரட் பார்பர். மேற்கிந்தியத் தீவுகளில் வேளாண் அதிகாரியாக இருந்துவிட்டு, 1898இல் சென்னை மாகாண அரசின் தாவரவியலாளராக வந்தவர். மண்ணுக்கடியில் நடக்கும் சண்டைகளில் அவருக்குத் தனி ஈடுபாடு இருந்தது. சந்தன மரத்தின் வேர் பக்கத்துச் செடிகளின் வேரைத் தேடிப் பிடித்து, உறிஞ்சு முனையைச் செருகிச் சத்தை எடுத்துக்கொள்வதை நுணுக்கி நுணுக்கி வரைந்து எழுதியிருக்கிறார். காட்டில் அத்தனை கம்பீரமாக நிற்கும் மரம், அடியில் அண்டை வீட்டாரைச் சார்ந்தே பிழைக்கிறது. இப்படிப்பட்ட கண்ணுள்ள ஒருவரிடம் கரும்பு வந்து சேர்ந்தது இந்த நாட்டின் நல்லகாலம்.

அப்போது இந்தியா உலகிலேயே பெரிய கரும்புப் பரப்பை வைத்துக்கொண்டு, ஜாவாவிலிருந்து கப்பல் கப்பலாகச் சர்க்கரை வாங்கிக்கொண்டிருந்தது. கரும்பின் பெரும்பகுதி இருந்தது கங்கைச் சமவெளியிலும் பஞ்சாபிலும். அங்கே குளிரும் வறட்சியும் வெள்ளமும் மாறி மாறி வரும், தடிக்கரும்பு தாங்காது. விரல் பருமன் நாட்டுக் கரும்பு தாங்கியது. ஆனால் கண்ட மகசூல் கொஞ்சம். ஜாவாக்காரர்களுக்கும் ஒரு காலத்தில் இதே அடி விழுந்திருந்தது. 1880களில் 'செரே' நோய் அவர்கள் தோட்டங்களைச் சூறையாடியது. கரும்பு முளைக்கும் விதை தராது என்று உலகமே நம்பிக்கொண்டிருந்த நேரத்தில், 1888வாக்கில் ஜாவாவிலும் பார்படோஸ் தீவிலும் விதை நாற்றுகளை வளர்த்துக் காட்டினார்கள். விதை என்றால் பிள்ளைக்குப் பிள்ளை வேறுபாடு. வேறுபாடு என்றால் தேர்ந்தெடுக்க வழி. அடைபட்டிருந்த கதவு திறந்தது.

வடக்கே இந்த வழி நடக்கவில்லை. அங்கே கரும்பு பூப்பதே அபூர்வம். பூத்தாலும் குளிரில் மகரந்தம் செத்துவிடும். கோயமுத்தூரில் பூத்தது. வேளாண் கல்லூரி சைதாப்பேட்டையிலிருந்து இங்கே வந்திருந்ததும் ஒரு வசதி. 1912இல் கரும்பு இனப்பெருக்க நிலையம் இங்கே தொடங்கியதற்கு நிலமும் வானமும்தான் முதல் காரணம். 11 டிகிரி வட அட்சத்தில் ஊர் இருக்கிறது. ஆடி, ஆவணியில் பகல் மெல்லக் குறைந்து பன்னிரண்டரை மணி நேரத்தை ஒட்டி வரும்போது குருத்துக்குள் பூ அரும்பத் தொடங்கும். அந்த நாட்களில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று வெயிலைத் தணித்து ஈரத்தைக் கொண்டுவரும். இரவுக் குளிர் செடியைத் தொடாது. ஐப்பசி, கார்த்திகையில் கதிர் வெளியே வரும். மேற்குத் தொடர்ச்சி மலையில் அப்படியொரு இடைவெளி இல்லாவிட்டால் இந்தக் கதையே வேறாக இருந்திருக்கும்.

பார்பர் வடநாட்டுக் கரும்புகளை எல்லாம் இங்கே கொண்டுவந்து நட்டு, சுன்னபிலே, முங்கோ, நர்கோரி, சரேத்தா, பன்சாகி என ஐந்து குலங்களாகப் பிரித்தார். பின்னாளில் அந்த மெலிந்த இந்தியக் கரும்புக்கே அவர் பெயரை வைத்து சக்கரம் பார்பெரி என்றார்கள். அவருக்கு உதவியாளராக இருந்தவர் டி.எஸ். வெங்கட்ராமன். பார்பர் ஓய்வு பெற்றபின் நிலையத்தைத் தாங்கியவரும் அவர்தான்.

அவர்கள் செய்ததை இன்று நினைத்தாலும் துணிச்சல் என்றுதான் தோன்றுகிறது. சர்க்கரை வேண்டும் என்று ஒரு நிலையம் தொடங்கிவிட்டு, சர்க்கரை அநேகமாக இல்லாத நாணலைத் தேடிப் போனார்கள். அந்தப் புல்லிடம் இருந்தது வேறொரு சொத்து. சித்திரையில் மணல் கொதிக்கும், கார்த்திகையில் வெள்ளம் கழுத்து வரை ஏறும், ஆடு மாடு மொட்டையடிக்கும், தீ வைப்பார்கள். யாரும் அதற்காகச் சண்டை போடவில்லை. பூத்து, விதை பறந்து, நாற்று முளைத்து, பெரும்பாலானவை செத்து, மிஞ்சியவை மறுபடி பூத்து வந்த வம்சம். கரும்பு தோட்டத்தில் செல்லமாக வளர்ந்து இழந்ததை எல்லாம் அது ஆற்றுமணலில் பத்திரமாக வைத்திருந்தது.

வெள்ளைக் கரும்பின் கதிரில் நாணலின் மகரந்தத்தைச் சேர்த்தார்கள். பிறந்த நாற்றுகளில் ஒன்று கோ 205. பார்த்தால் பாதி களைபோலத்தான் இருக்கும்; மெலிசு, கடினம், நார் அதிகம். ஆனால் பஞ்சாபில் நட்டபோது வறட்சியிலும் நின்றது, தண்ணீர் தேங்கியபோதும் நின்றது. அங்கிருந்த நாட்டு ரகங்களைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு விளைந்தது. பின்னால் கோ 213, கோ 281, கோ 290, கோ 312 என்று வரிசை கட்டின. 1932இல் சர்க்கரைத் தொழிலுக்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. முப்பது சொச்சமாக இருந்த ஆலைகள் சில ஆண்டுகளில் நூற்று முப்பதைத் தாண்டின. சட்டம் இறக்குமதிக்கு எதிராகச் சுவர் எழுப்பியது. அந்தச் சுவருக்குள் அரைக்கக் கரும்பு இருந்ததற்குக் காரணம் இந்தக் கலப்பினங்கள். 1933இல் வந்த கோ 419 தென்னாட்டுக்கானது. தாய் ஜாவாவின் புகழ்பெற்ற பி.ஓ.ஜே. 2878, தகப்பன் கோ 290. தக்காணத்திலும் தமிழ்நாட்டிலும் பல பத்தாண்டு ஆட்சி அதனுடையது. வெங்கட்ராமன் அதோடு நிற்கவில்லை. கரும்பைச் சோளத்தோடு சேர்த்தார், மூங்கிலோடும் சேர்த்துப் பார்த்தார்.

நாணலின் பிள்ளையில் இனிப்பு எப்படிப் பெரும்பாலும் தங்கியது? ஜாவாவில் வேலை செய்த பிரெமர் என்ற டச்சு ஆய்வாளர் 1920களில் ஒரு விந்தையைக் கண்டார். பிள்ளைக்குத் தாயும் தகப்பனும் பாதிப் பாதி குரோமோசோம் தருவதுதான் வழக்கம். தடிக்கரும்பு தாயாகவும் நாணல் தகப்பனாகவும் அமையும்போது, தாய் தன்னிடமுள்ள 80ஐயும் முழுதாகக் கொடுத்துவிடுகிறது. தகப்பன் பாதிதான் தருகிறது. அந்தப் பிள்ளையை மறுபடி கரும்போடு சேர்க்கச் சேர்க்க நாணலின் பங்கு இன்னும் சுருங்கும். இன்றைய ஆலைக் கரும்பில் பத்தில் ஒரு பங்கிலிருந்து ஐந்தில் ஒரு பங்கு வரைதான் நாணலுடையது. தாங்கும் வலிமையின் பெரும்பகுதி அந்தச் சிறு பங்கிலிருந்து வருகிறது.

தலச்சேரியில் பிறந்த ஈ.கே. ஜானகி அம்மாள் 1934 முதல் 1939 வரை கோயமுத்தூர் நிலையத்தில் இருந்தார். நுண்ணோக்கியின் கீழ் குரோமோசோம்களை எண்ணுவது அவருடைய வேலை. கரும்பை மக்காச்சோளத்தோடு கலந்து பார்த்தவரும் அவரே. வளர்ப்புக் கரும்புக்கு எண்ணிக்கை 80 என்று நிலையாக இருக்கிறது. நாணலுக்கு அப்படி ஒரே எண் இல்லை. வட இந்தியாவில் 40 உள்ளது கிடைக்கிறது. வேறு சீமைகளில் ஏறிக்கொண்டே போய் 128 வரை போகிறது. ஆப்பிரிக்காவிலிருந்து பசிபிக் தீவுகள் வரை, கடற்கரையிலிருந்து இமயச் சரிவு வரை ஒரே பெயரில் எத்தனையோ உருவம். இந்தப் புல் தோன்றி விரிந்தது இந்தியாவிலிருந்து என்று ஜானகி அம்மாள் வாதிட்டார். பின்னர் லண்டனுக்குப் போய், டார்லிங்டன் என்ற ஆய்வாளரோடு சேர்ந்து 1945இல் வளர்ப்புத் தாவரங்களின் குரோமோசோம் அட்டவணையை வெளியிட்டார். வங்காளத்தில் துர்கா பூஜை நேரத்தில் ஆற்றங்கரை முழுக்க வெளுத்துக் கிடக்கும் காஸ் பூவும் நம் நாணலும் ஒரே இனம்தான். ஆனால் ஒவ்வொரு கரையிலும் அது அந்தக் கரையின் வெள்ளத்தையும் வெயிலையும் கண்டு தேர்ந்த தனிக் கூட்டம்.

சூழல் எப்படித் தேர்ந்தெடுக்கிறது என்பதை நேராகப் பார்க்கத் தென்னாப்பிரிக்காவின் நெட்டாலுக்குப் போக வேண்டும். 1860 அக்டோபரில் சென்னையிலிருந்து ட்ரூரோ என்ற கப்பல் புறப்பட்டு நவம்பர் 16 அன்று டர்பன் சேர்ந்தது. அதில் போன தமிழர்களும் தெலுங்கர்களும் ஒப்பந்தக் கூலிகளாகக் கரும்புக் காட்டில் இறங்கினார்கள். பல பத்தாண்டு கழித்து அந்தக் காட்டுக்கு இங்கிருந்து கரும்பும் போயிற்று, இம்முறை விதையாக. அங்கே குளிரால் நல்ல விதை பிடிக்காது. கோ 421ஐயும் கோ 312ஐயும் கலந்து கோயமுத்தூரில் எடுத்த விதையை நெட்டாலில் முளைக்க வைத்து, அந்த மண்ணில், அந்தக் குளிரில் தாங்கியதைப் பொறுக்கினார்கள். கிடைத்தது என்.கோ 310, 1945இல் வெளியானது. தைவான், ஒக்கினாவா வரை பரவியது. அதே கலப்பின் இன்னொரு பிள்ளைதான் என்.கோ 376. பெயரிலேயே இரண்டு ஊரும் இருக்கிறது. 'என்' நெட்டால், 'கோ' கோயமுத்தூர். வேறுபாட்டைத் தந்தது ஓர் ஊர், தேர்ந்தெடுத்தது இன்னோர் ஊர். டார்வினின் இரண்டு படிகளையும் ஒரு ரகத்தின் பெயர் இவ்வளவு தெளிவாகப் பிரித்துக் காட்டுவது அரிது.

இத்தனை வெற்றிக்குப் பிறகும் பழைய பலவீனம் அப்படியே இருந்தது. ரகம் பிறப்பது விதையில். வயலுக்குப் போவது கரணையாக. கோ 213 பீகாரிலும் கிழக்கு உத்தரப் பிரதேசத்திலும் ஊரெல்லாம் பரவியது. 1930களின் இறுதியில் செவ்வழுகல் அதை வாரிக்கொண்டு போயிற்று. தமிழ்நாட்டில் கோ.க 671ஐ, அத்தனை இனிப்பான கரும்பை, அதே நோய் வீழ்த்தியது. நிலையத்தின் கர்னால் கிளையில் உருவாகி 2009இல் வெளியான கோ 0238 உத்தரப் பிரதேசத்தின் கரும்புப் பரப்பில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் பிடித்தது. விவசாயியும் ஆலையும் ஒரே குரலில் கொண்டாடினார்கள். பத்தாண்டுக்குள் செவ்வழுகல் பூஞ்சையின் புதிய வகை ஒன்று அதற்குள் நுழையக் கற்றுவிட்டது. பூஞ்சைக்கு நம்மைப்போல் கரணை நடும் பழக்கமில்லை; அது தலைமுறைக்குத் தலைமுறை மாறிக்கொண்டே இருக்கிறது. லட்சக்கணக்கான ஏக்கரில் ஒரே பூட்டு தொங்கும்போது, ஒரு சாவி பொருந்தினால் போதும்.

கொங்கில் இப்போது பெரும்பாலும் கோ 86032. ஆப்பக்கூடல், சத்தியமங்கலம் பக்கத்து ஆலைகளுக்குப் போவதும் இதுதான், கவுந்தப்பாடியைச் சுற்றி வெல்லம் காய்ச்சுகிறவர்கள் வெட்டுவதும் அநேகமாக இதுதான். ஆலைக்கொட்டகையில் ஒரு காய்ச்சலைக் கிட்ட நின்று பார்த்தால் கரும்பின் வம்சம் முழுவதும் கண்முன் இருக்கும். உருளை பிழிந்த சாறு கொப்பரைக்குப் போகிறது. சுண்ணாம்பு போட்டதும் கறுப்பு நுரை பொங்குகிறது. அகப்பையால் வழித்துக்கொண்டே இருக்கிறார்கள். பாகு ஒரு துளியைத் தண்ணீரில் விட்டு உருட்டிப் பார்த்துப் பதம் சொல்ல ஒரு பெரியவர் இருப்பார். பதம் வந்ததும் மரத்தொட்டியில் கொட்டி, ஆற ஆறத் தேய்த்து நாட்டுச்சர்க்கரையாக்குகிறார்கள். பழனிப் பஞ்சாமிர்தத்துக்குக் கவுந்தப்பாடி ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்திலிருந்து போவது இதுதான். கொப்பரைக்கு அடியில் எரிவது அதே கரும்பின் காய்ந்த சக்கை, விறகு வாங்குவதில்லை. கொப்பரையில் இனிப்பது நியூ கினித் தாயின் சொத்து. அடுப்பில் கொழுந்துவிடும் நாரில் நாணலின் பங்கும் இருக்கிறது.

கோயமுத்தூர் நிலையம் 1948 முதல் நாடெங்கும் ஆட்களை அனுப்பி நாணல் வகைகளைத் திரட்டியது. கண்ணூரில், கடற்காற்று படும் ஓர் ஆய்வு மையத்தில், உலகக் கரும்பு வகைகளின் தொகுப்பு இருக்கிறது; இப்படிப்பட்ட உலகத் தொகுப்பு இன்னொன்று அமெரிக்காவில் மயாமியில். தொட்டியில் வைத்துக் காப்பது அவசியம்தான். ஆனால் தொட்டியில் வெள்ளம் வராது, மாடு மேயாது, புதிய பூஞ்சை வந்து சோதிக்காது. எடுத்து வந்த நாளில் எப்படி இருந்ததோ அப்படியே இருக்கும். போராட்டம் தொடர்ந்து நடக்கும் இடம் ஆற்றங்கரைதான். மணல் அள்ளிப் பள்ளமாகிப்போன கரையில், சாயக்கழிவு ஓடிய நொய்யல் ஓரத்தில், சிமெண்டுச் சுவர் எழுப்பிய வாய்க்காலில் நாணலைக் களை என்று பார்ப்பவர்கள், கோ 205இன் தகப்பன் எங்கிருந்து வந்தான் என்பதையும் நினைத்துக்கொள்ள வேண்டும்.

ஒவ்வொரு கார்த்திகையிலும் கோயமுத்தூர் லாலி சாலைப் பக்கத்து வயல்களில் கரும்புக் கதிர்கள் துணிக்கூண்டுக்குள் நிற்கும். உத்தரப் பிரதேசம், பீகார், மகாராஷ்டிரம் என்று நாலாபுறத்திலிருந்தும் ஆய்வாளர்கள் வருவார்கள். தங்கள் ஊரில் பூக்காத கரும்புக்கு இங்கே கல்யாணம் நடத்தி விதையோடு திரும்புவார்கள். விதை என்றால் கையில் நிற்கும் பொருளில்லை. பஞ்சுக்குள் ஒட்டிக்கொண்ட ஒரு மில்லிமீட்டர் மணி. மூச்சு விட்டால் பறந்துவிடும். பஞ்சோடு சேர்த்தே தட்டில் பரப்பி நீர் தெளிப்பார்கள். சில நாளில் புல்லைப்போல் முளைக்கும். அடுத்த பன்னிரண்டு, பதினைந்து ஆண்டுகளுக்கு வயல் மாற்றி, ஊர் மாற்றி, நோயை வலியச் செலுத்தி, ஆயிரமாயிரமாய்க் கழித்துக்கொண்டே போவார்கள். இடையில் தேறியதற்கு ஓர் எண் விழும்: 86032 என்றால் 1986ஆம் ஆண்டின் 32ஆவது. தட்டில் இப்போது முளைத்திருக்கும் அந்தப் பச்சை மயிரிழைகளில் எதற்கும் இன்னும் எண் இல்லை.